ஸ்பானிஷ் மொழியின் 'ரீயா' வடிவம்: 'விற்போம்' என்று எழுத நினைத்து 'விற்றுவந்தோம்' என்று எழுதிவிட்டேன்

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகப் பணிபுரிகிறேன். ஸ்பெயினிலிருந்து ஆர்டர் தரும் பையர் ஒருவருக்கு அவருடைய மொழியிலேயே மடல் எழுத வேண்டும் என்ற ஆவலில் ஓராண்டாக ஸ்பானிஷ் படித்துவருகிறேன். சென்ற வாரம் ஒரு டி-சர்ட் ரகத்துக்கு நாங்கள் சொன்ன விலை அதிகம் என்று அவர் எழுதியிருந்தார். 20,000 பீஸ் என்றால் குறைந்த விலைக்கு விற்போம் என்பதுதான் நான் தெரிவிக்க விரும்பிய செய்தி. 'பெந்தெரீயாமோஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பெந்தீயாமோஸ்' என்று எழுதிவிட்டேன். 'இந்த விலைக்கு 20,000 பீஸ் விற்றுவந்தோம்' என்று பொருள்பட்டுவிட்டது. யாருக்கு அந்த விலையில் விற்றீர்கள், எனக்கு மட்டும் ஏன் கூடுதல் விலை சொன்னீர்கள் என்று மறுநாளே அவரிடமிருந்து மடல் வந்தது. விளக்கம் சொல்லிச் சமாதானப்படுத்த மூன்று நாள் ஆயிற்று.

'ரீயா' என்று வரும் நிபந்தனை வடிவத்தின் (ஒன்று நடந்தால் இன்னொன்று நடக்கும் என்று சொல்லும் வினை வடிவம்) வாய்பாட்டை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் எந்த இடத்தில் எந்த வடிவம் என்பது பிடிபடவில்லை. பாடநூல் ஆங்கிலம் வழியாகச் சொல்லும் விளக்கம் எனக்குப் போதவில்லை. தமிழில் சிந்திப்பவருக்கு இதை எப்படிப் புரியவைப்பீர்கள்?

சிறுவாணி எழுதியது:

வணக்கம். கோவையில் பதினோரு ஆண்டுகளாக ஸ்பானிஷ் கற்பித்துவருகிறேன். நீங்கள் செய்த பிழையை ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களிடம் பார்க்கிறேன். முதலில் வடிவத்தை உறுதிசெய்துகொள்வோம், அது எளிது.

ஸ்பானிஷ் வினைகள் 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்ற மூன்று முடிவுகளில் ஒன்றைப் பெற்றிருக்கும். பேசுதல் 'அப்லார்', விற்றல் 'பெந்தேர்', வாழ்தல் 'பிபீர்'. நிகழ்காலம், இறந்தகாலம் ஆகியவற்றை அமைக்கும்போது அந்த முடிவை வெட்டிவிட்டு வேறு விகுதியை ஒட்டுகிறோம். நிபந்தனை வடிவத்திலோ எதையும் வெட்டக் கூடாது. முழுச் சொல்லையும் அப்படியே வைத்து அதன் பின்னால் விகுதி சேர்க்க வேண்டும். நான் பேசுவேன் 'அப்லரீயா', நீ பேசுவாய் 'அப்லரீயாஸ்', அவர் பேசுவார் மீண்டும் 'அப்லரீயா', நாம் பேசுவோம் 'அப்லரீயாமோஸ்', நீங்கள் பேசுவீர்கள் 'அப்லரீயாய்ஸ்', அவர்கள் பேசுவார்கள் 'அப்லரீயான்'. மூன்று வகை வினைகளுக்கும் விகுதி ஒன்றே என்பது இந்த வடிவத்தின் பெரிய சலுகை. ஆகவே 'பெந்தெரீயா', 'பிபிரீயா' என்று அதே ஓட்டத்தில் சொல்லிவிடலாம். 'அப்லரீயாய்ஸ்' ஸ்பெயினில் நெருக்கமானவர்கள் பலரிடம் பேசும்போது மட்டும் வரும். வணிக மடலில் பன்மைக்கு 'அப்லரீயான்' போதும். லத்தீன் அமெரிக்காவில் எல்லா இடத்திலும் அதுதான்.

தமிழ் எழுத்தில் நான் 'ரீ' என்று நெடிலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆறு வடிவங்களிலும் அழுத்தம் அந்த 'ஈ' ஒலியில்தான் விழுகிறது. ஸ்பானிஷில் எழுதும்போது அந்த எழுத்தின் மீது அழுத்தக்குறி கட்டாயம். குறி இல்லையென்றால் அழுத்தம் இடம் மாறிச் சொல்லே வேறாக ஒலிக்கும்.

இப்போது உங்கள் பிழைக்கு வருகிறேன். 'ஏர்', 'ஈர்' வகை வினைகளின் தொடர் இறந்தகாலமும் (முன்பு தொடர்ந்தோ வழக்கமாகவோ நடந்ததைச் சொல்லும் வடிவம்) 'ஈயா' என்றே முடிகிறது. விற்றுவந்தோம் 'பெந்தீயாமோஸ்', விற்போம் 'பெந்தெரீயாமோஸ்'. நடுவில் இருக்கும் 'எர்' மட்டுமே வேறுபாடு. எழுதி முடித்தபின் ஒவ்வொரு 'ஈயா'வுக்கும் முன்னால் 'ர்' ஒலி இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்கும்படி என் மாணவர்களிடம் சொல்வேன். இருந்தால் நிபந்தனை, இல்லாவிட்டால் இறந்தகாலம். ஓடுதல் ('கொர்ரேர்') போன்று வேரின் இறுதியிலேயே 'ர்' உள்ள வினைகள் குழப்பக்கூடும் என்பதால், முழு வினைச்சொல்லும் சிதையாமல் உள்ளதா என்று பார்ப்பது இன்னும் பாதுகாப்பானது. 'ஆர்' வகையில் இந்தத் தொல்லை இல்லை; பேசிவந்தேன் 'அப்லாபா', பேசுவேன் 'அப்லரீயா' என்று காதே பிரித்துவிடும்.

காங்கயம்காளை எழுதியது:

ஐயா, ஒழுங்கற்ற வினைகள் எத்தனை என்று சொன்னால் உதவியாக இருக்கும். மற்றக் காலங்களில் அவை நூற்றுக்கணக்கில் இருப்பதால் இதிலும் அப்படியோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

சிறுவாணி எழுதியது:

அஞ்ச வேண்டாம். அடிப்படை வினைகள் 12 மட்டுமே. அவற்றிலிருந்து பிறந்தவை அவற்றையே பின்பற்றும். அங்கும் விகுதி மாறாது, அடி மட்டும் சுருங்கும். இயலுதல் 'பொதேர்' என்பது 'பொத்ரீயா' ஆகும், உடைமையைக் குறிக்கும் 'தெனேர்' என்பது 'தெந்த்ரீயா' ஆகும், செய்தல் 'அசேர்' என்பது 'அரீயா' ஆகும். எதிர்காலத்துக்கு என்ன அடியோ அதே அடிதான் இதற்கும். மற்றக் காலங்களில் நம்மை அலைக்கழிக்கும் 'செர்', 'ஈர்' என்ற இரண்டும் (இருத்தல், போதல்) இங்கே 'செரீயா', 'இரீயா' என்று முழு ஒழுங்கோடு நடந்துகொள்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

முழுச் சொல் ஏன் அப்படியே நிற்கிறது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. இது ஒரு காலத்தில் இரண்டு சொற்கள். லத்தீனில் உடைமையைக் குறித்த வினையின் இறந்தகாலம், ஸ்பானிஷில் 'அபீயா' என்று ஆகி, வினைச்சொல்லின் பின்னால் துணைவினையாக நின்று, தேய்ந்து, ஒட்டிக்கொண்டது. 'அப்லார்' + 'அபீயா' என்பதே 'அப்லரீயா'. 1492-இல் காஸ்தீலிய மொழிக்கு (ஸ்பானிஷின் மற்றொரு பெயர்) முதல் இலக்கணம் எழுதிய நெப்ரிகாவே இந்தக் கூட்டமைப்பைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். பழைய ஸ்பானிஷில் இந்த இரு பகுதிகளுக்கும் நடுவே 'அவனுக்கு', 'அதை' போன்ற பெயர்களைச் செருக முடிந்தது. போர்த்துக்கீசிய எழுத்து வழக்கில் அது இன்றும் முடியும். நமக்கு இது புதிதன்று. 'வந்து' + 'இருப்பேன்' சேர்ந்து 'வந்திருப்பேன்' என்று ஒரே சொல்லாக நிற்பதை நாம் நாள்தோறும் சொல்கிறோம்.

வாய்க்கால்மேடு எழுதியது:

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன், கல்லூரி மாணவி. எனக்கு வேறொரு சந்தேகம். 'சிறுவயதில் நாங்கள் நாள்தோறும் காலிங்கராயன் வாய்க்காலில் குளிப்போம்' என்று ஒரு பயிற்சிக் கட்டுரையில் எழுத விரும்பினேன். 'குளிப்போம்' என்பதால் நிபந்தனை வடிவத்தைப் போட்டேன். இணையத்தில் கிடைத்த ஆங்கில விளக்கமும் எனக்குச் சாதகமாகவே இருந்தது. ஆனால் தவறு என்று திருத்தப்பட்டது. ஏன்?

சிறுவாணி எழுதியது:

அம்மணி, இந்த இழையிலேயே மிகச் சிறந்த கேள்வி இதுதான். நொய்யல்கரை அவர்களின் பிழைக்கும் இதற்கும் வேர் ஒன்றே என்று கருதுகிறேன்.

தமிழில் 'குளிப்போம்' என்ற ஒரே சொல் எத்தனை வேலை செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 'நாளை குளிப்போம்' என்றால் எதிர்காலம். 'அந்நாளில் நாள்தோறும் குளிப்போம்' என்றால் முடிந்துபோன வழக்கம். 'தண்ணீர் வந்தால் குளிப்போம்' என்றால் நிபந்தனையைச் சார்ந்தது. நாம் இந்த மூன்றையும் எதிர்கால வினைமுற்றாலேயே சொல்லிவிடுகிறோம். சூழல் பிரித்துக் காட்டும் என்ற நம்பிக்கை நமக்கு இருக்கிறது. ஸ்பானிஷ் இந்த மூன்றுக்கும் மூன்று வேறு வடிவங்களைக் கேட்கிறது. முடிந்துபோன வழக்கத்துக்குத் தொடர் இறந்தகாலம்: 'நோஸ் பன்யாபாமோஸ்'. அங்கே நிபந்தனை வடிவம் வரவே வராது. ஆங்கிலமும் தற்செயலாக ஒரே சொல்லால் பழைய வழக்கத்தையும் நிபந்தனையையும் சொல்வதால், ஆங்கிலம் வழியாகப் போகும் தமிழர் இரண்டு பக்கமும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்.

எனவே 'வேன், வோம், வார்' என்று முடியும் தமிழ் வினையைக் கண்டதும் 'குளித்துக்கொண்டு வந்தோம்', 'குளிப்பது வழக்கம்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருள் கெடவில்லை என்றால் அது 'ரீயா' இல்லை.

கரூர்த்தறி எழுதியது:

கரூரில் வீட்டு உபயோகத் துணி வணிகம் செய்கிறோம். சிறுவாணி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 'எனக்குப் பிடிக்கும்' என்பதும் நம் வழக்கில் எதிர்கால வடிவந்தான். அதை வைத்துக்கொண்டு 'மே குஸ்தரீயா' என்று எழுதிவிடக் கூடாது. 'எனக்கு இளநீர் பிடிக்கும்' என்பது என்றைக்கும் உள்ள விருப்பம். அதற்கு நிகழ்காலமான 'மே குஸ்தா' போதும். 'மே குஸ்தரீயா' என்றால் 'இப்போது இளநீர் கிடைத்தால் நன்றாக இருக்கும்' என்று பணிவாகக் கேட்பதாகிவிடும்.

பணிவு என்றதும் எனக்கு நம் கொங்குப் பேச்சு நினைவுக்கு வருகிறது. இங்கே யாரும் 'நகருங்கள்' என்று சொல்லி நிறுத்துவதில்லை. 'ஏனுங்க, கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க' என்றுதான் சொல்வார்கள். கேட்கும் காரியத்தை ஒரு நிபந்தனைக்குள் வைத்து, முடிவைக் கேட்பவர் கையில் விட்டுவிடும் முறை அது. ஸ்பானிஷ் நிபந்தனை வடிவமும் வணிக மடலில் இதே வேலையைச் செய்கிறது. 'அனுப்ப முடியுமா' என்பதற்கு நிகழ்காலமான 'புயேதே' இலக்கணப்படி சரியே; 'பொத்ரீயா' என்றால் அதில் நம் 'ங்க' ஏறிவிடுகிறது. வெறும் வினைகளை வைத்து வாசகம் அடுக்கும் மடலுக்கும், 'பொத்ரீயா', 'குஸ்தரீயா', 'அக்ரதெசெரீயா' என்று (நன்றியுடையவனாக இருப்பேன் என்பது கடைசிச் சொல்லின் பொருள்) எழுதும் மடலுக்கும் வரும் பதிலின் தொனியிலேயே வேறுபாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பீளமேடு எழுதியது:

நான் பம்பு உற்பத்தித் துறையில் இருக்கிறேன். எங்கள் ஆலைக்கு எந்திரம் நிறுவ பில்பாவோ நகரிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர், 'நேரம் இருந்தால்' என்பதற்கு 'சி தெந்த்ரீயா' என்று பலமுறை சொல்லக் கேட்டேன். ஆனால் நான் படித்த புத்தகத்தில் 'சி' என்ற சொல்லுக்குப் பின் நிபந்தனை வடிவம் வரக் கூடாது என்று இருக்கிறது. எது சரி?

சிறுவாணி எழுதியது:

இரண்டும் உண்மை. பாஸ்க் நாட்டிலும் அதை அடுத்த வட ஸ்பெயின் பகுதிகளிலும் பேச்சில் அப்படிச் சொல்லும் வழக்கம் உண்டு. அது அவர்கள் மண்ணின் பேச்சு. நம் ஊர்ப் பேச்சைப் போல அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் பொது எழுத்து வழக்கு அதை ஏற்பதில்லை. நீங்கள் எழுதும்போது 'சி துபியேரா' என்றே எழுதுங்கள்.

இந்த விதியைத் தமிழர் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. 'இருந்தால்', 'வாங்கினால்', 'வந்தால்' என்ற சொற்களைப் பிரித்துப் பாருங்கள். 'இருந்தான்' என்பதில் உள்ள இறந்தகால அடியின் மேல்தான் 'ஆல்' ஏறுகிறது. 'இருப்பால்', 'வாங்குவால்' என்று எவரும் நிபந்தனை சொல்வதில்லை. அதாவது நிபந்தனையைச் சொல்லும் பகுதிக்கு இறந்தகால அடியும், விளைவைச் சொல்லும் பகுதிக்கு எதிர்கால வடிவமும் என்று நம் மொழி ஏற்கெனவே பங்கிட்டு வைத்திருக்கிறது. ஸ்பானிஷின் பங்கீடும் இதற்கு மிக நெருக்கமானது. 'அவர்கள் வாங்கினார்கள்' என்பது 'கொம்ப்ராரோன்'. அந்த இறந்தகால அடியிலிருந்து 'கொம்ப்ராரான்' என்ற வடிவம் பிறந்து 'சி'க்குப் பின் நிற்கிறது. விளைவில் நம் 'விற்போம்' நிற்கும் இடத்தில் 'பெந்தெரீயாமோஸ்' நிற்கிறது. 'சி கொம்ப்ராரான் பேயின்தே மீல் பியேசாஸ், பெந்தெரீயாமோஸ் ஆ எஸ்தே ப்ரேசியோ.' 20,000 பீஸ் வாங்கினால் இந்த விலைக்கு விற்போம். இரண்டு மொழிகளும் வேறு வேறு குடும்பம். ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கவில்லை. இருந்தாலும் இந்த ஒற்றுமை நமக்குக் கைகொடுக்கிறது.

ஒரு நுட்பம் மட்டும் நினைவிருக்கட்டும். தமிழில் 'வாங்கினால்' என்பது நடக்கக்கூடிய காரியத்துக்கும் நடப்பது ஐயமான காரியத்துக்கும் பொது. ஸ்பானிஷில் நடக்கக்கூடியது என்று நினைத்தால் 'சி கொம்ப்ரான்' என்று நிகழ்காலத்தையும் அதன் விளைவுக்கு 'பெந்தெரேமோஸ்' என்று எதிர்காலத்தையும் போட வேண்டும். 'ரீயா' போட்டால், 'வாங்குவீர்கள் என்று நான் உறுதியாக எண்ணவில்லை. ஒருவேளை வாங்கினால்' என்ற தயக்கம் வந்துவிடும். விலை பேசும் இடத்தில் அந்தத் தயக்கமே பணிவாகவும் அமையும்.

பீளமேடு எழுதியது:

தெளிவாக இருக்கிறது, நன்றிங்க. ஆனால் 'நோ சே சி கொம்ப்ரரீயா' என்று ஓர் எடுத்துக்காட்டை அதே புத்தகத்தில் பார்த்தேனே? அங்கே 'சி'க்குப் பின் 'ரீயா' வந்திருக்கிறது.

சிறுவாணி எழுதியது:

அதன் தமிழைச் சொல்லிப் பாருங்கள்: 'வாங்குவாரா என்று தெரியவில்லை'. இங்கே 'ஆல்' இல்லை, 'ஆ' என்ற வினா எழுத்துதான் இருக்கிறது. ஸ்பானிஷில் இரண்டுக்கும் 'சி' என்ற ஒரே சொல் வருவதால் கற்பவர் குழம்புகிறார். தமிழில் 'ஆல்' வரும் இடத்தில் 'ரீயா' வராது. 'ஆ என்று' வரும் இடத்தில் 'ரீயா' வரலாம்.

மூலனூர்வழி எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. ஸ்பெயின் மக்கள் பேசும்போது விளைவுப் பகுதியில் 'ரீயா'வுக்குப் பதிலாகத் தொடர் இறந்தகாலத்தைச் சொல்வதும் உண்டு. 'பணம் இருந்தால் ஒரு வீடு வாங்குவேன்' என்பதற்குக் 'கொம்ப்ராபா' என்பார்கள். ஆகவே நொய்யல்கரை அவர்கள் 'சி' என்ற தொடரையும் சேர்த்து எழுதியிருந்தால் பையர் ஒருவேளை சரியாகவே புரிந்துகொண்டிருப்பார். நிபந்தனைத் தொடர் இல்லாமல் தனியே நின்றதால்தான் பழைய விற்பனையைப் பற்றிய செய்தியாக மாறிவிட்டது. விலை எழுதும் மடலில் பேச்சு வழக்கை நம்பாமல் இருப்பதே நல்லது.

வாய்க்கால்மேடு எழுதியது:

'வெள்ளிக்கிழமை பணம் செலுத்துவோம் என்று சொன்னார்கள்' என்பதற்கு எதிர்காலமா, நிபந்தனையா? 'செலுத்துவோம்' என்பது எதிர்காலம் என்பதால் கேட்கிறேன்.

சிறுவாணி எழுதியது:

'திஹேரோன் கே பகரீயான் எல் பியேர்னெஸ்.' நிபந்தனை வடிவம். தமிழில் 'என்று' என்ற சொல், சொன்னவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்துவைக்கிறது, காலம் மாறுவதில்லை. ஸ்பானிஷில் 'சொன்னார்கள்' என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டால், அந்த நேரத்துக்குப் பிந்தைய செயலை 'ரீயா'வில் வைப்பார்கள். வெனிசுவேலாவில் பிறந்த ஆந்திரேஸ் பெல்யோ 1847-இல் சிலியில் வெளியிட்ட இலக்கணத்தில் இந்த வடிவத்துக்குப் 'போஸ்ப்ரெத்தேரித்தோ' என்றே பெயரிட்டார். இறந்தகாலத்துக்குப் பிந்தையது என்று பொருள். மெக்சிகோவில் அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. நிபந்தனை என்ற பெயரை விட அது பல இடங்களில் பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இந்த வாக்கியத்தில் எந்த நிபந்தனையும் இல்லையே. அந்த வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை என்றால் எதிர்காலமான 'பகரான்' என்றும் சொல்லலாம். வெள்ளி கடந்து பணமும் வராதபோது 'பகரீயான்' மட்டுமே சரி.

கரூர்த்தறி எழுதியது:

ஊகப் பொருளையும் விட்டுவிட வேண்டாம். 'மணி மூன்று இருக்கும்' என்று நாம் ஊகத்துக்கு எதிர்காலத்தைப் பயன்படுத்துவது போலவே அவர்களும் 'செரான் லாஸ் த்ரேஸ்' என்கிறார்கள். 'நேற்று அவர் வந்தபோது மணி மூன்று இருக்கும்' என்றால் நம் 'இருக்கும்' மாறாது. அவர்கள் 'செரீயான் லாஸ் த்ரேஸ்' என்று மாற்றிக்கொள்கிறார்கள்.

செய்தித்தாளில் இன்னொன்று பார்த்தேன். 'பஞ்சு விலை ஏறுமாம்' என்று நாம் 'ஆம்' சேர்ப்போமே, அந்த இடத்தில் லத்தீன் அமெரிக்க இதழ்கள் 'சுபிரீயா' என்று எழுதுகின்றன. முதல் முறை அதைப் படித்தபோது எந்த நிபந்தனையின் பேரில் ஏறும் என்று தேடிக் களைத்துப்போனேன்.

சிறுவாணி எழுதியது:

'ஆம்' என்ற ஒப்பீடு மிகப் பொருத்தம். இனி வகுப்பில் அதையே சொல்லப்போகிறேன். நடை பற்றி எழுதுவோர் பலர் இந்த இதழியல் வழக்கைக் கண்டிக்கிறார்கள். படிக்கும்போது அடையாளம் கண்டுகொள்ளுங்கள். உங்கள் மடல்களில் எழுத வேண்டாம்.

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாட்களாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்துப் புதிய மடல் ஒன்றை எழுதியிருக்கிறேன். அனுப்பும் முன் பார்த்துச் சொல்லுங்கள். முதல் வாக்கியம் சிறுவாணி ஐயா தந்ததுதான். அதன் பின்: 'நோஸ் குஸ்தரீயா என்பியார் லாஸ் முஎஸ்த்ராஸ் எல் லூனெஸ்', மாதிரிகளைத் திங்களன்று அனுப்ப விரும்புகிறோம். கடைசியாக: 'லே அக்ரதெசெரீயா கே மே ரெஸ்பொந்தெரீயா அந்தெஸ் தெல் பியேர்னெஸ்', வெள்ளிக்கு முன் பதில் அளித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சிறுவாணி எழுதியது:

முதல் இரண்டும் குறையற்றவை. மூன்றாவதில், உங்கள் தமிழை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

'பதில் அளித்தால்'. ஆல் வந்திருக்கிறது. எனவே அங்கே 'ரீயா' வராது. இறந்தகால அடியிலிருந்து பிறந்த வடிவம் வர வேண்டும். 'லே அக்ரதெசெரீயா கே மே ரெஸ்பொந்தியேரா அந்தெஸ் தெல் பியேர்னெஸ்.' சரிதானுங்களா ஐயா?

சிறுவாணி எழுதியது:

சரிங்க. அனுப்பிவிடுங்கள்.